காரும் நீரும்

தமிழில் 'கார்' என்னும் சொல்லுக்கு நான்கு சக்கர ஊர்தி என்னும் பொருள் வந்து சேர்ந்தது அண்மைக் காலத்தில்தான். அதற்கு முன் பல நூற்றாண்டுகளாக அச்சொல் கருமையையும், கருமேகத்தையும், ஆவணி, புரட்டாசி ஆகிய இரு திங்கள் அடங்கிய மழைப் பருவத்தையும், அப்பருவத்தை ஒட்டி விளையும் நெல்லையும் குறித்து வந்தது. ஆங்கிலத்திலிருந்து வந்த கார் வேறு, தமிழ்க் கார் வேறு. இரண்டுக்கும் வேர்த்தொடர்பு ஏதும் இல்லை. ஆயினும் தமிழ்நாட்டுச் சாலைகளில் ஓடும் ஊர்திகள் எவ்வாறு பழுதாகின்றன என்பதை உற்று நோக்குவோர்க்கு இந்த ஒலியொற்றுமை பொருத்தமாகவே தோன்றும். ஏனெனில் சாதாரண உரிமையாளரின் கையிருப்பைக் கரைக்கும் கோளாறுகளில் பலவற்றுக்கு அடியில் நீரே இருக்கிறது. இருக்க வேண்டிய இடத்தில் நீர் குறைந்தாலும் கார் நின்றுவிடும், இருக்கக் கூடாத இடத்தில் நீர் புகுந்தாலும் கார் நின்றுவிடும். இந்த ஒரு வரியைப் புரிந்துகொண்ட உரிமையாளர் பணிமனையில் செலுத்தும் தொகையில் கணிசமான பகுதியை மிச்சப்படுத்த முடியும். ஆனால் காரை விற்கும்போதோ, ஓட்டுநர் பயிற்சியிலோ இதை எவரும் சொல்லித் தருவதில்லை.

எரிபொருள் எரிந்து வெளிப்படும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே சக்கரத்தைச் சுழற்றும் வேலையாக மாறுகிறது. மற்றொரு பங்கு புகைக்குழாய் வழியே வெளியேறுகிறது. எஞ்சிய பங்கை எஞ்சினைச் சுற்றி ஓடும் நீர் வாங்கிக்கொண்டு ரேடியேட்டருக்குக் கொண்டுபோய்க் காற்றில் விடுகிறது. கார்ல் பென்ஸ் ஜெர்மனியில் 1886-இல் காப்புரிமை பெற்ற மூன்று சக்கர ஊர்தியில் இந்தச் சுழற்சி இல்லை. நீர் கொதித்து ஆவியாகிப் போவதே அதன் குளிர்விப்பு முறை. ஆகவே 1888-இல் அவருடைய மனைவி பெர்த்தா பென்ஸ் தம் மகன்கள் இருவருடன் மான்ஹைமிலிருந்து போர்ட்ஸ்ஹைமுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவை அவ்வண்டியில் கடந்தபோது, வழியெங்கும் நிறுத்தி நிறுத்தி நீர் நிரப்ப வேண்டியிருந்தது. 1900-இன் இறுதியில் டைம்லர் நிறுவனத்தின் வில்ஹெல்ம் மேபாக் தேனடை போன்ற துளைகளுடைய ரேடியேட்டரை அமைத்தபின்தான் ஒரே நீரைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் முறை நிலைபெற்றது. இருப்பினும் அம்பாசிடர், பத்மினி ஆகிய கார்கள் ஓடிய காலம் வரை மலை ஏறும் ஓட்டுநர் டிக்கியில் ஒரு தண்ணீர் கேன் இல்லாமல் புறப்பட மாட்டார். அந்தக் கேன் மறைந்ததோடு, எஞ்சினுக்குள் நீர் இருக்கிறது என்னும் நினைவும் பலரிடமிருந்து மறைந்துவிட்டது.

இன்றைய கார்களில் ஓடுவது வெறும் நீர் அன்று. எத்திலீன் கிளைக்கால் என்னும் வேதிப்பொருளும், துருப்பிடிப்பைத் தடுக்கும் சேர்மங்களும் கலந்த 'கூலன்ட்' ஆகும். பாதிக்குப் பாதி கலந்த கலவை ஏறத்தாழ 107 பாகை செல்சியஸில் கொதிக்கும். இதோடு ரேடியேட்டர் மூடியின் பணியும் சேர்ந்துகொள்கிறது. அது சாதாரண மூடி அன்று, குக்கரின் மேலிருக்கும் வெயிட்டைப் போல உள்ளே அழுத்தத்தைத் தேக்கி வைப்பது. வெறும் நீரைக்கூட அது 100 பாகைக்குப் பதில் 118 பாகை அளவில்தான் கொதிக்க விடும். ரப்பர் வளையம் இறுகிப்போன பழைய மூடி அழுத்தத்தைத் தாங்காமல் கசிய விட்டால், வேறெந்தக் குறையும் இல்லாத எஞ்சினிலும் நீர் முன்கூட்டியே கொதித்து வெளியேறும். சில நூறு ரூபாய் மூடியைப் பார்க்காமல் ரேடியேட்டரையே மாற்றிய உரிமையாளர்கள் உண்டு. கூலன்ட் என்பது நீர் உறையாமல் காப்பதற்கு மட்டுமே, வெப்ப நாட்டுக்கு அது வேண்டாம் என்னும் கருத்து இங்கு பரவலாக உள்ளது. உறைபனியைக் கருதினால் உதகை போன்ற ஓரிரு இடங்களைத் தவிர வேறெங்கும் அது தேவையில்லை என்பது உண்மையே. ஆனால் கொதிநிலையை உயர்த்துவதும் அலுமினியப் பாகங்களை அரிப்பிலிருந்து காப்பதும் அதன் மற்ற இரு பணிகள், அவை இரண்டும் சென்னைக்கும் வேலூருக்கும் மிகவும் வேண்டியவை.

குறைந்த கூலன்டுக்குப் பதிலாகக் குழாய் நீரையோ ஆழ்துளைக் கிணற்று நீரையோ ஊற்றும் வழக்கமே இதில் பெருங்கேடு. வீட்டில் வெந்நீர் போடும் பாத்திரத்தின் அடியிலும், கீசரின் கம்பியிலும் வெள்ளையாகப் படியும் சுண்ணாம்புப் படிவம் எஞ்சினின் நீர்வழிகளிலும் படிகிறது. அது வெப்பத்தை எளிதில் கடத்தாது. ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களை அடைத்தும்விடும். நடுவழியில் வேறு வகையே இல்லாதபோது எந்த நீரையும் ஊற்றி எஞ்சினைக் காப்பது தவறன்று, ஊர் வந்து சேர்ந்ததும் அதை முழுவதும் வடித்துவிட்டு முறையான கூலன்ட் நிரப்பாமல் விடுவதே தவறு. கூலன்டைத் தரையில் வடிய விடுவதும் கூடாது. அது இனிப்புச் சுவை உடையது, நஞ்சு. தெருநாயும் பூனையும் அதை நக்கிக் குடித்தால் சிறுநீரகம் கெட்டு இறந்துபோகும்.

'வண்டி தண்ணி குடிக்குது' என்று மெக்கானிக்குகள் சொல்வதில் ஆழமான பொருள் உண்டு. மூடிய அமைப்பில் நீர் குறையவே கூடாது. குறைந்தால் அது எங்கோ போகிறது. தரையில் பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ சொட்டினால் ஹோஸ், பம்பு, ரேடியேட்டர் ஆகிய மூன்றில் ஒன்றில் கசிவு. வெளியே எதுவும் சொட்டாமல் குறைந்தால், எஞ்சினின் அடிப்பகுதிக்கும் மேல்மூடியான ஹெட்டுக்கும் இடையிலுள்ள காஸ்கெட் என்னும் தகடு பழுதாகி, நீர் சிலிண்டருக்குள்ளோ எண்ணெய்க்குள்ளோ போகிறது என்று ஐயுற வேண்டும். அப்போது எண்ணெய் ஊற்றும் மூடியின் உட்புறம் மோர் போன்ற வெண்படிவம் காணப்படும். புகைக்குழாயில் எஞ்சின் நன்கு சூடான பிறகும் வெண்புகை நிற்காது. சூடேறும் இடத்தைக் கொண்டும் கோளாறை ஓரளவு ஊகிக்கலாம். சிக்னலில் நிற்கும்போது சூடேறி, நெடுஞ்சாலையில் வேகம் எடுத்ததும் தணிந்தால் பெரும்பாலும் மின்விசிறி ஓடவில்லை என்று பொருள். ஊருக்குள் ஒழுங்காக இருந்து, நீண்ட ஏற்றத்திலோ தொடர் வேகத்திலோ சூடேறினால் ரேடியேட்டர் அடைப்பையோ நீர்ப் பம்பையோ பார்க்க வேண்டும். இந்த ஒரு தகவலை உரிமையாளர் கவனித்துச் சொன்னால் மெக்கானிக்கின் அரைநாள் வேலை மிச்சமாகும்.

வருந்தத்தக்க மாற்றம் ஒன்று இங்கே குறிப்பிடத்தக்கது. வெப்பநிலையைக் காட்டும் முள் முன்பு எளிய காரிலும் இருந்தது; இப்போது பல சிறு கார்களில் அது நீக்கப்பட்டு, குளிர்ந்திருக்கும்போது நீலமும் மிகுதியாகச் சூடேறியபின் சிவப்பும் எரியும் விளக்கு மட்டுமே வைக்கப்படுகிறது. முள் மெல்ல ஏறுவதைக் கண்டு ஓட்டுநர் முன்னெச்சரிக்கையாக நிறுத்த முடிந்தது. சிவப்பு விளக்கோ கேடு வாசலுக்கு வந்தபின்தான் எரிகிறது. மேலும், நீர் முழுவதும் வெளியேறிவிட்டால் உணரி நீரில் மூழ்காமல் ஆவியில் நிற்பதால் அவ்விளக்கும் சரியாகக் காட்டாமல் போகலாம். ஆகவே விளக்கு எரிந்ததும் 'இன்னும் இரண்டு கிலோமீட்டர்தானே' என்று ஓட்டுவது, ஹெட் வளைந்து லேத்துப் பட்டறைக்குப் போவதில்தான் முடியும். உடனே ஓரம் கட்டி, எஞ்சினை நிறுத்தி, குறைந்தது அரைமணி நேரம் காத்திருந்து, தடித்த துணியைப் போர்த்திய பிறகே ரேடியேட்டர் மூடியைத் தொட வேண்டும். சூடாக இருக்கும்போது திறந்தால் அழுத்தம் நீங்கிய நொடியில் நீர் முழுவதும் கொதித்து முகத்தில் பீறிடும். கொதிக்கும் எஞ்சின் மீது குளிர்ந்த நீரை ஊற்றுவதும் உலோகத்தில் வெடிப்பு விழச் செய்யும்.

சூடேறும் தொல்லைக்குத் தீர்வாகத் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியும் பழக்கம் இன்னும் பல பட்டறைகளில் தொடர்கிறது. தெர்மோஸ்டாட் என்பது எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ரேடியேட்டருக்கு நீர் போகாமல் அடைத்து வைத்து, 80 பாகையைத் தாண்டியபின் திறக்கும் சிறு வால்வு. அதை நீக்கினால் எஞ்சின் தனக்குரிய வெப்பத்தை அடைய நெடுநேரம் ஆகிறது. பெட்ரோல் செலவு கூடுகிறது. அதைவிட முக்கியமாக எண்ணெயில் நீர் தங்குகிறது. இந்த நீர் எங்கிருந்து வருகிறது என்று வியப்போர் ஒரு வேதிக்கணக்கை அறிய வேண்டும்: பெட்ரோலிலுள்ள ஹைட்ரஜன் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து எரிவதால், ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் உண்டாகிறது. அது ஆவியாகப் போவதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. காலையில் காரைக் கிளப்பியதும் புகைக்குழாய் நுனியில் சொட்டும் துளிகள் இந்த நீரே. அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் நாள்தோறும் இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓடி நிற்கும் காரில் எஞ்சினோ சைலன்சரோ முழுவதும் சூடேறாமையால், நீர் எண்ணெயில் சேர்ந்து சேறாகிறது, சைலன்சரை உள்ளிருந்து துருப்பிடிக்க வைக்கிறது. குறைவாக ஓடிய கார் நல்ல கார் என்னும் நம்பிக்கை முழுவதும் சரியன்று என்பதற்கு இதுவே காரணம். வாரம் ஒருமுறையேனும் அத்தகைய காரை அரைமணி நேரம் தொடர்ந்து ஓட்டுவது நல்லது.

பேட்டரியிலும் நீரின் கதையே. 1859-இல் பிரான்சு நாட்டு காஸ்டன் பிளாண்டே உருவாக்கிய ஈய-அமில மின்கலமே இன்றும், பல திருத்தங்களோடு, காரின் செல்ஃப் மோட்டாரைச் சுழற்றுகிறது. மின்னேற்றத்தின்போது அமிலத்திலுள்ள நீர் சிறிது சிறிதாக ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்து போகும், அமிலம் போவதில்லை. ஆகவே நிரப்பத்தக்க வகை பேட்டரியில் டிஸ்டில்ட் வாட்டர் எனப்படும் வாலைவடி நீரை மட்டுமே ஊற்ற வேண்டும், அமிலத்தை ஊற்றக் கூடாது, குழாய் நீரைக் கிட்டவும் கொண்டுவரக் கூடாது. வெளியேறும் ஹைட்ரஜன் வெடிக்கும் தன்மையது என்பதால் பேட்டரிக்கு அருகில் தீக்குச்சி கிழித்து அளவு பார்ப்பது உயிருக்கு ஆபத்து. பத்துப் பாகை வெப்பம் கூடினால் பேட்டரியின் ஆயுள் பாதியாகும் என்பது தொழிலில் உள்ளோர் கொள்ளும் பொதுக்கணக்கு. குளிர்நாடுகளில் நீண்ட காலம் உழைக்கும் பேட்டரி தமிழ்நாட்டில் மூன்று நான்கு ஆண்டுகளில் ஓய்வதற்கு இதுவே காரணம். முழுமையாக மின்னேறிய பேட்டரி, கார் நிற்கும்போது 12.6 வோல்ட் காட்டும், எஞ்சின் ஓடும்போது 14 வோல்ட் அளவில் இருக்கும். ஓடும்போதும் 12 அளவிலேயே நின்றால் குற்றம் பேட்டரியில் இல்லை, அதற்கு மின்னேற்றும் ஆல்டர்னேட்டரில் என்று கொள்ளலாம். இதைக் காட்டும் மல்டிமீட்டரைச் சில நூறு ரூபாய்க்கு வாங்கி வைத்துக்கொள்வது, காரணம் தெரியாமல் புதுப் பேட்டரி வாங்குவதைத் தடுக்கும்.

இனி, உயிரோடு நேரடியாகத் தொடர்புடைய பகுதி. வழக்கில் 'பிரேக் ஆயில்' என்று சொல்லப்படுவது எண்ணெய் அன்று. கிளைக்கால் வகையைச் சேர்ந்த திரவம் அது. எண்ணெய் என்னும் பெயரை நம்பி எவரேனும் எஞ்சின் எண்ணெயை அதில் ஊற்றிவிட்டால் ரப்பர் வளையங்கள் ஊதிப் போய் பிரேக்கே இயங்காது. திரவம் அமுங்காது என்னும் இயல்பே பிரேக்கின் அடிப்படை. கால் கொடுக்கும் அழுத்தம் குறையாமல் நான்கு சக்கரங்களுக்கும் போய்ச் சேர்வதற்கு அந்த இயல்பே காரணம். ஆனால் இத்திரவம் உப்பைப் போலக் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 3 வகைத் திரவத்தின் கொதிநிலை குறைந்தது 205 பாகை இருக்க வேண்டும் என்பது தரவிதி, அதில் 3.7 விழுக்காடு நீர் சேர்ந்தால் அது 140 பாகையாகத் தாழ்ந்துபோகலாம். டாட் 4 வகைக்கு இவ்வெண்கள் 230, 155. கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் இந்தச் சேர்க்கை நிகழ்ந்துகொண்டே இருக்கும். அதனால்தான் கார் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று பாராமல், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பிரேக் திரவத்தை மாற்றும்படி பெரும்பாலான கையேடுகள் கூறுகின்றன. ஓடாத கார்தானே என்று இதைத் தள்ளிப்போடுவோர் மிகுதி.

இந்த ஈரத்தின் விலை சமவெளியில் தெரியாது, மலையிறக்கத்தில் தெரியும். கொல்லிமலைச் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள், வால்பாறைச் சாலையில் 40, உதகையிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் செங்குத்தான கல்லட்டிச் சாலையில் 36. ஒவ்வொரு வளைவுக்கும் பிரேக்கை அழுத்தியபடியே இறங்கினால் தகடுகள் காய்ந்து, அவ்வெப்பம் திரவத்துக்கு ஏறி, அதிலுள்ள நீர் ஆவியாகும். திரவம் அமுங்காது, ஆவியோ அமுங்கும். ஆகவே அதுவரை இறுக்கமாக நின்ற பெடல் திடீரென்று பஞ்சுபோலத் தரை வரை இறங்கிவிடும், கார் நிற்காது. கல்லட்டியில் நேர்ந்த விபத்துகளுக்குப் பின் காவல்துறை தாழ்ந்த கியரில் இறங்கும்படி வலியுறுத்தி வருவது இதனால்தான். எந்தக் கியரில் ஏற வேண்டுமோ அந்தக் கியரிலேயே இறங்க வேண்டும் என்னும் பழைய லாரி ஓட்டுநர்களின் விதி அறிவியலோடு முற்றிலும் ஒத்துப்போகிறது. பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டு இறங்குவோர்க்கு ஒன்று சொல்லத்தக்கது: இன்றைய எஞ்சின்கள் கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் எரிபொருளை அறவே நிறுத்திவிடுகின்றன, நியூட்ரலில்தான் எஞ்சினைத் தூங்காமல் வைக்க எரிபொருள் செலவாகிறது. ஆகவே அங்கே மிச்சம் ஏதும் இல்லை, ஆபத்து மட்டுமே உண்டு.

ஏசி ஓடும்போது காரின் அடியில் சொட்டும் தெளிந்த நீர் கசிவன்று, காற்றின் ஈரம் குளிர்ந்து வடிவது. அது சொட்டாமல் நின்றுபோய் முன்னிருக்கையின் கீழ் மிதியடி நனைந்தால்தான் வடிகுழாய் அடைத்துக்கொண்டது என்று பொருள். கதவுகளின் அடியிலும் மழைநீர் வடிவதற்கான சிறு துளைகள் உண்டு. துருத்தடுப்புப் பூச்சு அடிக்கும்போது அவற்றையும் சேர்த்து அடைத்துவிடுவோர், துருவைத் தடுப்பதாக எண்ணி அதை உள்ளேயே வளர்க்கிறார்கள். எத்தனால் பற்றிய அச்சமும் அண்மையில் மிகுந்துள்ளது. 2025-இல் இந்தியப் பெட்ரோலில் எத்தனாலின் பங்கு 20 விழுக்காட்டை எட்டியது. பெட்ரோல் நீரோடு கலக்காது, எத்தனால் கலக்கும். டேங்கினுள் நீர் ஓர் அளவைக் கடந்தால் எத்தனாலும் நீரும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கும், பம்பு உறிஞ்சுவது அந்த அடியிலிருந்துதான். நாள்தோறும் ஓடும் காருக்கு இதனால் அஞ்ச வேண்டியதில்லை. மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கப்படும் காருக்கு டேங்கை ஏறக்குறைய நிரப்பி வைப்பது ஈரக்காற்றுக்கு இடம் தராத எளிய வழி.

இவையனைத்தையும் விட மிகப் பெரிய இழப்பைத் தருவது வெள்ளம். 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டபோதும், 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் கார்கள் கூரை வரை மூழ்கின. அதே 2023 டிசம்பரின் இடையில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியது. ஆனால் எஞ்சின் அழிவதற்கு இவ்வளவு நீர் வேண்டியதில்லை. 1,200 சிசி அளவுள்ள நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சினில் ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 300 சிசி. பிஸ்டன் மேலேறும்போது உள்ளிருக்கும் காற்றைப் பத்தில் ஒரு பங்காக அழுத்துகிறது என்றால், உச்சியில் எஞ்சியிருக்கும் இடம் ஏறத்தாழ 33 மி.லி. மட்டுமே. இருமல் மருந்தோடு தரப்படும் சிறு கிண்ணத்தின் அளவு அது. அதற்கு மேல் நீர் புகுந்தால், காற்றைப் போல நீர் அமுங்காததால், பிஸ்டன் நடுவழியில் பாறையில் மோதியதுபோல நின்றுவிடுகிறது. அதைத் தள்ளிக்கொண்டு வரும் கனெக்டிங் ராட் என்னும் இணைப்புத்தண்டு வளைகிறது, சில வேளை முறிந்து எஞ்சினின் சுவரையே துளைத்து வெளியே வருகிறது. காற்றை இன்னும் மிகுதியாக அழுத்தும் டீசல் எஞ்சினில் அந்த இடம் 20 மி.லி. அளவே. ஹைட்ரோலாக் என்று தொழிலில் வழங்கும் இந்நிலையை நீர்ப்பூட்டு எனலாம்.

அந்நீர் புகும் வழி பலரும் எண்ணுவதுபோல் புகைக்குழாய் அன்று. எஞ்சின் ஓடும்வரை புகையின் வேகமே நீரை வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். முன்புறத்தில் காற்றை உள்ளிழுக்கும் குழாயின் வாயே நுழைவாயில். அது பல கார்களில் முன்விளக்கின் உயரத்தில் இருப்பதால் முழங்கால் அளவு நீரில் ஆபத்தில்லை என்று தோன்றும். ஆனால் எதிரே ஒரு பேருந்து கடந்து போகும்போது எழும் அலை அந்த உயரத்தை எளிதில் எட்டிவிடும், வேகமாக ஓட்டும் காரின் மூக்கே தனக்கு எதிராக அலையை எழுப்பிக்கொள்ளும். சக்கரத்தின் நடுப்பகுதியைத் தாண்டிய நீரில் இறங்குவதில்லை என்று முடிவு செய்துகொள்வதே நல்லது. தியாகராய நகர் துரைசாமி சுரங்கப்பாதை, வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதை ஆகியவை மழைதோறும் நிரம்புவதை நகரவாசிகள் அறிவர். அத்தகைய இடங்களில் நீரின் ஆழத்தைக் கண்ணால் அளக்கவே முடியாது.

வெள்ளத்தில் அழியும் எஞ்சின்களில் பலவும் வெள்ளம் வடிந்தபின், உரிமையாளரின் கையாலேயே அழிகின்றன. இதுதான் இந்தப் பொருளில் எல்லோரும் அறிந்திருக்க வேண்டிய உண்மை. நின்றுகொண்டிருந்த காரில் நீர் புகுந்தால் எஞ்சினுக்கு உடனடிக் கேடு ஏதுமில்லை. சிலிண்டரில் நீர் வெறுமனே தேங்கி நிற்கும், இருக்கையும் மின்கம்பிகளும் நனையும், அவ்வளவே. மறுநாள் காலை, ஓடுகிறதா என்று பார்ப்போமே என்னும் இயல்பான பதற்றத்தில் சாவியைத் திருகும்போதுதான் செல்ஃப் மோட்டார் பிஸ்டனை நீரின் மீது மோதவிட்டுத் தண்டை வளைக்கிறது. ஓடும்போது நீரில் நின்றுபோன காரை மீண்டும் கிளப்ப முயல்வதும் அதேதான். செய்ய வேண்டியது வேறு: பேட்டரியின் எதிர்மின்முனைக் கம்பியைக் கழற்றிவிட்டு, சக்கரங்கள் தரையில் உருளாதபடி வண்டியின் மேல் ஏற்றிப் பணிமனைக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றியபின் எஞ்சினைக் கையால் சுழற்றினால் நீர் அந்தத் துளைகள் வழியே வெளியேறிவிடும். எண்ணெயும் வடிகட்டிகளும் மாற்றப்படும். இம்முறையில் மீண்ட எஞ்சின்கள் பல ஆண்டுகள் ஓடுகின்றன.

காப்பீடும் இந்த ஒரு திருகலையே பார்க்கிறது. மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் வைத்திருப்போர்க்கு வெள்ளச் சேதத்துக்கு ஒரு ரூபாயும் கிடைக்காது. காம்ப்ரிஹென்சிவ் எனப்படும் முழுமைக் காப்பீடு வெள்ளத்தால் நேரும் சேதத்தை ஏற்கும். ஆனால் நீர் புகுந்தபின் எஞ்சினைக் கிளப்பியதால் நேர்ந்த சேதம் வெள்ளத்தின் விளைவன்று, உரிமையாளரின் செயலின் விளைவு என்று கூறி அப்பகுதி பொதுவாக மறுக்கப்படுகிறது. அதையும் ஏற்கும் எஞ்சின் பாதுகாப்பு என்னும் கூடுதல் காப்பைத் தனியாகப் பணம் கட்டிச் சேர்க்க வேண்டும். சென்னை, கடலூர், தூத்துக்குடி போன்ற ஊர்களில் தாழ்வான தெருவில் வாழ்வோர் காப்பீட்டைப் புதுப்பிக்கும்போது முதலில் கேட்க வேண்டியது தள்ளுபடியை அன்று, இந்தக் காப்பை. காப்பீடு பெற்று மொத்தச் சேதமாக ஒதுக்கப்பட்ட கார்கள் பழுதுபார்க்கப்பட்டுப் பழைய கார்ச் சந்தைக்கு வருவதும் உண்டு. வாங்குவோர் சீட் பெல்ட்டை அதன் இறுதி வரை இழுத்துச் சேற்றுக்கோடு தெரிகிறதா என்றும், ஸ்டெப்னி இருக்கும் குழியிலும் இருக்கை நகரும் தண்டவாளத்திலும் துரு இருக்கிறதா என்றும் பார்ப்பது பேரம் பேசுவதைவிடப் பயன்தரும்.

2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மக்கள் தங்கள் கார்களைக் கொண்டுபோய் மேம்பாலத்தின் இருபுறமும் வரிசையாக நிறுத்தினர். கடன் வாங்கி வாங்கிய ஊர்தியைக் காக்க நடுத்தரக் குடும்பங்களுக்கு அப்போது வேறு வழி இல்லை. அது சட்டமீறலாகக் காணத்தக்கதன்று, 2015 கற்றுத்தந்த பாடத்தை மக்கள் மறக்கவில்லை என்பதன் சான்று. வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் அக்டோபரில்தான் தொடங்குகிறது என்பது உள்ளாட்சி அமைப்புகள் அறியாத செய்தி அன்று. ஒவ்வொரு பகுதியிலும் மேடான திடல்களையும், அடுக்கு நிறுத்தகங்களின் மேல்தளங்களையும் செப்டம்பரிலேயே குறித்து அறிவித்து, எச்சரிக்கை நாட்களில் கட்டணமின்றித் திறந்துவிட வேண்டும். அந்த ஏற்பாடு வரும்வரையிலும் வந்த பின்னரும், நீரில் நின்ற காரின் சாவியை, மெக்கானிக் வந்து பார்க்கும் முன், யாரும் திருக வேண்டாம்.